குடைப் படத்தின் முடிவு

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது ஆவடி குவார்ட்டர்ஸில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கரண்ட் போன பிறகு. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. சிரிக்க வைத்தது நான் அல்ல.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் அன்றைய அந்தஸ்தைச் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா வேலை வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி நான் நகைச்சுவை எழுத்தாளன். வாரப் பத்திரிகைகளில் துணுக்குகள் வந்துகொண்டிருந்தன. பெண் பார்க்கப் போனபோது, "பையன் சிரிக்கச் சிரிக்க எழுதுவான்" என்று என் அப்பா அதை ஒரு கூடுதல் தகுதியாகச் சொன்னார். பெண்ணின் அப்பா விருதுநகர்ப் பக்கத்து மனிதர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதனாலென்ன, வேலைதான் இருக்கே" என்று பெருந்தன்மையாக மன்னித்தார்.

கல்யாணமான புதிதில், என் துணுக்கு வந்திருக்கும் பக்கத்தை மடித்து அவளிடம் நீட்டுவேன். பிறகு ஜன்னலருகே போய் நின்று, வெளியே ஏதோ முக்கியமாக நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, ஓரக்கண்ணால் அவள் முகத்தைக் கவனிப்பேன். அவள் படிப்பாள். பக்கத்தைத் திருப்புவாள். அந்தப் பக்கத்தில் இருக்கும் வெங்காய வடகம் செய்முறையையும் அதே முகத்தோடு படிப்பாள்.

"எப்படி?" என்பேன்.

"நல்லா இருக்கு. அந்த டாக்டருதான் பாவம்."

டாக்டர் ஜோக்கில் டாக்டருக்காக வருத்தப்பட்ட ஒரே வாசகியை நான் மணந்திருந்தேன்.

வீட்டில் செல்லாத சரக்கு தொழிற்சாலையில் செல்லுபடியானது. அப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் ஒரு தமிழ்ப் படம் போடுவார்கள். ஷிப்டில் இருந்தவர்களுக்கு அது கிடைக்காது. அவர்களுக்குத் திங்கட்கிழமை காலை கேன்டீனில் யாராவது படத்தைச் சொல்ல வேண்டும் என்பது எழுதப்படாத விதி. எங்கள் பகுதியில் அந்த யாராவது நான்தான். ஆள் பெயர் போடுவதிலிருந்து 'வணக்கம்' வரை ஒன்று விடாமல் சொல்லுவேன். பாட்டு வரும் இடத்தில் மட்டும், "இந்த இடத்துல ஒரு பாட்டு" என்று நிறுத்துவேன். அதுதான் கூட்டத்துக்கு இடைவேளை. டீயை ஒரு வாய் குடிப்பார்கள், பீடி பற்ற வைப்பார்கள், ஒருவர் போய் சிறுநீர் கழித்துவிட்டும் வருவார். பிறகு கதை தொடரும். பாட்டு எங்கே வரும் என்று எனக்கு உடம்பிலேயே ஊறியிருந்தது. காதலிக்குக் கால் தடுக்கினால் ஒரு பாட்டு. குழந்தை தொலைந்தால் ஒரு பாட்டு. கிடைத்தால் அதே பாட்டு.

இந்த நிலையில்தான் எதிர் வீட்டுக்குப் பாடிக்காரர் குடிவந்தார். ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் வேலை. பிறந்து வளர்ந்தது எல்லாம் சென்னையை ஒட்டிய பாடியில். லாரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. வந்த முதல் வாரமே குவார்ட்டர்ஸில் எல்லாரையும் ஏதோ ஒரு உறவுமுறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார். என்னை மட்டும் 'சார்' என்பார். அந்த மரியாதையில் ஒரு தள்ளி வைப்பு இருந்ததாக எனக்குப் பட்டது. என் மனைவி அவரை, அவள் ஊர் வழக்கப்படி, 'அண்ணாச்சி' என்றாள்.

நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, டிவியில் கதாநாயகி விஷக் கோப்பையை உதட்டருகே கொண்டுபோகும்போது கரண்ட் போனது. ஆவடியில் திருநெல்வேலிக்காரர் இருந்தார், சேலத்துக்காரர் இருந்தார், தஞ்சாவூர்க்காரர் இருந்தார். கரண்ட் போனால் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள். விசிறியும் கையுமாக இரண்டு பிளாக்குக்கும் நடுவில் இருந்த தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்து சேர்ந்தார்கள். கோப்பையைக் குடித்தாளா இல்லையா என்று பேச்சு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மீதிக் கதையை ஊகித்துச் சொல்லத் தயாரானேன்.

"கரண்டு இல்லாங்காட்டி இன்னா?" என்றார் பாடிக்காரர். "எங்க நைனா பாத்த படத்துக்கு சத்தமே கெடையாது. ஊமைப் படம். இப்ப அந்தப் படம் லோகத்துலயே இல்ல. நான் சொல்றேன். யாராச்சும் ஒரு குடை குடுங்க."

என் மனைவி எழுந்து போய் எங்கள் வீட்டுக் குடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாமனார் எனக்கு வாங்கித் தந்த குடை. வளைந்த மரப்பிடி. நான் மழையில்கூட அதை அதிகம் நனைய விடுவதில்லை.

அவர் குடையை விரித்துத் தலையை மறைத்துக்கொண்டு நடந்து காட்டினார்.

"பொண்ணோட அப்பன் பென்சன் வாங்குற ஆளு. காலைலேர்ந்து மாடியில குந்திகினு கீறான். தெருவுல எவன் வர்றான், எவன் போறான்னு காவலு. ஆனா மேலேர்ந்து பாத்தா இன்னா தெரியும்? குடைதான் தெரியும். பொண்ண சுத்தி வர்ற நம்மாளு அத்த கண்டுபுடிச்சிட்டான். ஒரு நாளைக்கு வக்கீலு மாரி கறுப்புக் குடை. ஒரு நாளைக்கு ஒட்டுப்போட்ட குடை, பிச்சக்காரன் மாரி. ஒரு நாளைக்கு ஐயரு மாரி தாழை ஓலைக் குடை. கெழவன் மேலேர்ந்து கும்புடு போட்டு உள்ள வுடறான்."

அங்கேயே சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தொழில்முறையாகக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்குன்னு பாத்து நம்மாளு ஜன்னலாண்ட நின்னுகினு பொண்ணயே பாத்துகினு கீறான். பின்னால ஒரு ஆடு. ஓலைக் குடைய மேய ஆரம்பிச்சிடுச்சி. மேய மேய குடை சின்னதாவுது. கெழவன் மாடியிலேர்ந்து பாக்குறான். மொதல்ல ஒரு தோளு தெரியுது. அப்பால ஒரு காது தெரியுது. இன்னாடா ஐயருக்குக் கிராப்பு கீதுன்றான்."

சொல்லிக்கொண்டே அவர் ஆடானார். கழுத்தை ஒரு பக்கமாக நீட்டி, கீழ்த்தாடையை மட்டும் அரைத்து, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு மென்றார். பிறகு அதே முகம் காதலனுடையதாகியது; பிறகு கிழவனுடையதாகியது. அப்போதுதான் என் பக்கத்திலிருந்து ஒரு விநோதமான சத்தம் கேட்டது. விக்கலோ என்று திரும்பினேன். என் மனைவி தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "அய்யோ அண்ணாச்சி, போதும்" என்று குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கடைவாயில் ஒரு தெத்துப்பல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

படம் முடியவில்லை. "பொண்ணுக்கு வேற எடத்துல கல்யாணம் வெச்சிட்டான் கெழவன். கல்யாணத்தன்னிக்குப் பேய் மழை. தெரு பூரா குடை. எதுக்குள்ள நம்மாளு கீறான்னு கெழவனுக்குத் தெரில. அங்க மழை பெய்யுதா, கொட்டாயிலயும் புடிச்சிகிச்சி. பூந்தமல்லியாண்ட போட்டிருந்த டென்ட்டு கொட்டா, மேல பூரா கிழிசலு. நைனாவுக்கு முன்னால குந்திகினிருந்தவன் குடைய விரிச்சிட்டான். அவனுக்கு முன்னாலக்கிறவனும் விரிச்சிட்டான். எது படத்துக் குடை, எது கொட்டாக் குடைன்னே தெரில. அவ்ளோதான். மறாநாளு கொட்டாயப் பிரிச்சி எட்துகினு போய்ட்டான்."

"அப்ப முடிவு?" என்றாள் என் மனைவி.

"முடிவு எவனுக்கும் தெரியாது, தங்கச்சி."

அன்று இரவு சாப்பிடும்போது நான் ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள்தான் ரசம் ஊற்றும்போது கரண்டியை நிறுத்தி, எதையோ நினைத்துக்கொண்டு, தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் கோடையில் அநேகமாக ஒவ்வொரு ஞாயிறும் கரண்ட் போனது. போனதும் 'குடைப் படம்' ஓடியது. எனக்கு வந்தது சாதாரணப் பொறாமை அல்ல. அதற்கென்று ஒரு இலக்கியத் தரம் இருந்தது. குறைகளைக் குறித்துக்கொண்டேன். போன வாரம் பெண் ஜன்னலிலிருந்து காதலனுக்கு எறிந்தது தாமரைப் பூ, இந்த வாரம் கொய்யாப்பழம். ஆடு முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு. ஊமைப் படத்தில் எது கறுப்பு, எது வெள்ளை என்று தெரியுமே, அதிலாவது நிலையாக இருக்க வேண்டாமா? ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டேன்.

"உங்க அப்பா படத்தை எத்தனை தரம் பாத்தார்? வாரா வாரம் மாறுதே."

"ரெண்டு வாட்டி சார்."

"மறுநாளே கொட்டாயைப் பிரிச்சிட்டான்னு சொன்னீங்களே?"

"முந்தின நாளும் பாத்தாரு."

"அப்படின்னா முந்தின நாளே முடிவு தெரிஞ்சிருக்கணுமே?"

"முந்தின நாளும் மழை சார்."

குவார்ட்டர்ஸே சிரித்தது. என் குறுக்கு விசாரணை அவர் படத்தில் ஒரு புதிய காட்சியாகச் சேர்ந்துகொண்டது.

ஒரு சனிக்கிழமை பூந்தமல்லி நூலகத்துக்குப் போய் சினிமா வரலாறு என்று கிடைத்ததையெல்லாம் புரட்டினேன். நம் பக்கத்து ஊமைப் படங்கள் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை என்று போட்டிருந்தது. சிலது தீப்பிடித்ததாம், சிலதை ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காகக் கரைத்துவிட்டார்களாம். குடை, கிழவன், ஆடு எதுவும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தமிழ் சினிமாவின் இழப்புக்காக அந்த நூலகத்தில் அன்றைக்கு என் அளவுக்கு மனம் நொந்தவர் இருந்திருக்க மாட்டார். படம் இருந்திருந்தால் போட்டுப் பார்த்து, நாலு ஓட்டை கண்டுபிடித்து, மனைவியிடம் காட்டியிருக்கலாம். இல்லாத படத்தை யார் என்ன செய்ய முடியும்? அது ஒவ்வொரு ஞாயிறும் இன்னும் நன்றாகிக்கொண்டே போனது.

அடுத்த அடி கேன்டீனில் விழுந்தது. திங்கட்கிழமை நான் ஆள் பெயர் போடத் தொடங்கும்போதே, ஒரு ஃபிட்டர், "சார், தப்பா நெனச்சிக்காத. நேத்து படம் கெடக்கட்டும். அண்ணாத்தே, நீ அந்தக் குடை படத்த வுடு" என்றார். பாடிக்காரர் என்னைப் பார்த்து, "சார் சொல்லட்டுமேப்பா" என்றார். இரக்கப்பட்டார். அதை நான் மன்னிக்கவே இல்லை.

ஆனால் அவர் படத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதற்கு முடிவு இல்லை. பெண்கள் அதை அவரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மாடி வீட்டு அக்கா, "ஏன்டி, உன் வீட்டுக்காரர்தான் கதையெல்லாம் எழுதறவராச்சே. அவரையே ஒரு முடிவு சொல்லச் சொல்லேன்" என்றார்.

என் மனைவி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "இவுகளா?" என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அந்தப் படத்தின் கடைசி ரீலை எழுதி முடிப்பது என்று தீர்மானித்தேன்.

முடிவு எனக்கு அம்பத்தூரில் கிடைத்தது. ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். ஐயர் வீட்டுச் சடங்கு. மாப்பிள்ளை காசிக்குச் சந்நியாசம் போகிறேன் என்று புதுக் குடையும் கைத்தடியுமாக மண்டப வாசல் வரை போக, பெண்ணின் அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்து, சந்நியாசம் வேண்டாம், என் பெண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று திரும்ப அழைத்து வருகிறார். குடையில் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. நான் சாப்பாட்டுப் பந்தியை மறந்து அந்தக் குடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காதலன் தோற்றுவிட்டான். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, முதுகைக் காட்டித் தெருவோடு போகிறான். மாடியிலிருந்து கிழவர் பார்க்கிறார். கல்யாண நாள், ஒரு குடை, ஒரு தடி, வாசலைத் தாண்டிப் போகிறது. ஆயுள் முழுக்கக் குடையை மட்டுமே பார்த்த மனிதர். மாப்பிள்ளை காசிக்குப் போகிறார் என்று நினைத்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடி, அவன் கையைப் பிடித்து, என் பெண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று தானே அழைத்து வருகிறார்.

இப்போது நினைத்தாலும் எனக்கு அதில் குறை தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க ஸ்டோர்ஸில் போல்ட்டுகளுக்கும் நட்டுகளுக்கும் நடுவில் ஒத்திகை பார்த்தேன்.

அந்த ஞாயிறு கரண்ட் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. மின்வெட்டுக்காக மனதார வேண்டிக்கொண்ட ஒரே ஆவடிவாசி நான். மூன்றாவது ஞாயிறு, டிவியில் படம் சூடு பிடிக்கும்போது, போனது. எல்லாரும் 'அடச்சே' என்றார்கள். நான் குடையையும் ஒரு தடியையும் எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தேன்.

"இன்னிக்கு முடிவை நான் சொல்றேன்" என்றேன்.

பாடிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தரையில் உட்கார்ந்தார். "குந்துங்கப்பா. சாரு சொல்றாரு."

மழையில் தொடங்கினேன். என் மனைவி தொட்டிச் சுவரில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். குடையும் தடியுமாக நான் முதுகைக் காட்டி நடந்தபோதே தஞ்சாவூர்க்காரருக்குப் புரிந்துவிட்டது. "அடப்பாவி, காசி யாத்திரை" என்றார். கிழவர் இறங்கி ஓடும்போது கூட்டம் முழுவதும் சிரிக்கத் தொடங்கிவிட்டது. பாடிக்காரர் தொடையில் தட்டி, "ஏமாந்தான்யா கெழவன்" என்றார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தெத்துப்பல் தெரிவதற்கு இன்னும் ஒரு நூல்தான் பாக்கி. நான் கிழவராகி, கையைப் பிடித்து இழுத்து வந்தேன். காதலனாகி, திகைத்தேன். பெண்ணாகி, மாலையை எடுத்தேன். கழுத்தில் போட்டேன். அத்தனை முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நிறைவில், எத்தனையோ திங்கட்கிழமைகளின் பழக்கத்தில், மூச்சு விடுவதுபோலத் தன்னால் வந்தது.

"இந்த இடத்துல ஒரு பாட்டு."

கேன்டீன் ஆட்கள் இரண்டு பேர் அனிச்சையாகப் பீடியைத் தேடினார்கள்.

"சார்" என்றார் பாடிக்காரர், மிகவும் மரியாதையாக. "ஊமைப் படத்துல பாட்டு பாடுனா யாருக்குக் கேக்கும்?"

"ஆடு பாடிச்சா சார்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

என் மனைவி தொட்டிச் சுவரிலிருந்து இறங்கிவிட்டாள், விழுந்துவிடுவோம் என்று பயந்து. மாடி வீட்டு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, பேச வராமல், என்னைக் கையால் காட்டிக் காட்டிச் சிரித்தாள். ஆட்டுக்குச் சிரித்ததைவிட அதிகம். இது என் கணிப்பு. இதில் நான் நடுநிலையானவன் அல்ல.

வீட்டுக்கு வந்து சாதம் போடும்போதும் சிரித்தாள். படுக்கையைத் தட்டிப் போடும்போதும் சிரித்தாள். நான் ஒரு வருஷமாக விரும்பியது கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு என் பாட்டுக்கா, அவர் கேள்விக்கா? அது எனக்கு இன்றுவரை தீரவில்லை.

ஒரு மாதம் கழித்து, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பாடிக்காரர், புதிதாகக் குடிவந்த சேலத்துக் குடும்பத்துக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தார். மழை வந்தது, கொட்டகையில் குடைகள் விரிந்தன. "ஆனா பாருங்க, முன்னால குந்திகினிருந்தவன் குடையில ஒரு ஓட்ட. எங்க நைனா அது வழியா பாத்தாரு" என்றார். பிறகு காசி யாத்திரை முழுவதையும், என் முதுகு உட்பட, நடித்துக் காட்டினார். என்னைவிட நன்றாகவே செய்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சமும் கூச்சப்படாமல், "நல்லா கீது சார் முடிவு. பாட்ட மட்டும் எட்துட்டேன்" என்றார்.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. படம் பார்க்காத ஆளே இல்லை என்றானபோது திங்கட்கிழமை சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. பாடிக்காரர் திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டிப் போனார். நாங்கள் கள்ளிக்குப்பத்துக்கு வந்தோம். நான் நிம்மதியாக இருந்தேன். மனைவி என் துணுக்குகளுக்கு மூக்கால் ஒரு சின்னக் காற்று விடும் அளவுக்கு முன்னேறியிருந்தாள்.

ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. எங்கள் மகள், பள்ளிக்கூடம் போகிற வயது, போரடிக்கிறது என்றாள். மனைவி எழுந்து போய் மரப்பிடிக் குடையை எடுத்து வந்தாள். நான் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே படம் தொடங்கியது. விருதுநகர்த் தமிழில் கிழவன் மாடியில் உட்கார்ந்தான். ஆடு ஓலைக் குடையை மேய்ந்தது. மகள் தரையில் உருண்டாள். மழை வந்தது, காசி யாத்திரை வந்தது, கிழவர் ஓடினார், மாலை விழுந்தது. பிறகு மனைவி நிறுத்தி, என் குரலை அப்படியே எடுத்து, "இந்த இடத்துல ஒரு பாட்டு" என்றாள்.

"ஊமைப் படம்னு சொன்னே?" என்றாள் மகள்.

"அது உங்கப்பா போட்ட பாட்டு."

நான் உள்ளே போனேன். "பாட்டு மட்டும் இல்ல. அந்த முடிவும் நான் போட்டதுதான்" என்று மகளிடம் சொன்னேன்.

"சும்மா இருங்க" என்றாள் மனைவி. "முடிவு அண்ணாச்சியோட அப்பா பாத்தது. குடையில ஓட்ட இருந்துச்சுல்ல?"

"ஓட்டையே அப்புறம்தான் வந்தது. முதல்ல சொன்னது நான். அம்பத்தூர்க் கல்யாணத்துல பாத்து..."

"நீங்க பாட்டு சொன்னீக. அது நல்லா ஞாபகம் இருக்கு."

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, அம்மா பக்கம் நியாயம் இருப்பதாக முடிவு செய்தாள். அது அவள் முகத்தில் தெரிந்தது.

மனைவி கையிலிருந்த குடையை வாங்கினேன். செருப்பை மாட்டினேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி, தெருவில் இறங்கி நடந்தேன். ஆசிரியர் யார் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. அந்த நடை என்னுடையது. பார்த்தால் தெரிந்துகொள்ள வேண்டும். தெருமுனைக் குழாய் வரை போனேன். சடங்கின்படி இந்நேரம் ஒருவர் ஓடி வந்து கையைப் பிடித்திருக்க வேண்டும்.

"என்னங்க" என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது. நான் திரும்பவில்லை. மேலிருந்து பார்த்தால் குடைதான் தெரியும்.

"காசிக்குப் போறதுதான் போறீக, அப்படியே ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துருங்க."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒன்று, தெத்துப்பல் தெரியச் சிரிக்கிற சிரிப்பு. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. குடையை மடக்காமல் பால் பூத்தை நோக்கி நடந்தேன். இந்தச் சிரிப்பில் பாடிக்காரருக்கு எந்தப் பங்கும் கிடையாது. அவர் திருநின்றவூரில் இருந்தார்.